கதிரும் கடிகாரமும்

அன்புள்ள மீனாட்சிக்கு,

எக்ஸ்ரே தொழில் படிப்பதா, அணு மருத்துவம் படிப்பதா என்று கேட்டிருந்தாய். இரண்டும் கதிரையே கருவியாகக் கொண்டவையாயினும் சுபாவத்தில் வேறானவை. 1895-இல் ராண்ட்ஜன் கண்டறிந்த எக்ஸ்ரே, இயந்திரத்தில் பிறந்து சரீரத்தை ஊடுருவிப் படமாகிறது. விசையை நிறுத்திய க்ஷணமே கதிரும் நின்றுவிடும். அணு மருத்துவத்திலோ, ஊசி ஏற்றியபின் நோயாளியே கதிர் வீசுபவராகிவிட, அதைக் காமாக் காமிரா வாங்கிக்கொள்கிறது. முன்னது எலும்பின் உருவத்தைக் காட்டும். பின்னது அந்த எலும்பினுள் நடக்கும் வினையைக் காட்டும்.

ஊசியில் ஏற்றும் மருந்தின் கதிரோ தானே தேய்ந்துகொண்டிருப்பது; ஆகையால் அணு மருத்துவத்தில் எஜமானன் கடிகாரமே. நாங்கள் நித்தியம் கையாளும் டெக்னீஷியம்-99எம், ஆறு மணி நேரத்தில் பாதியாகத் தேய்ந்து, மறுநாள் அதே வேளையில் பதினாறில் ஒரு பங்கே எஞ்சுகின்ற வஸ்துவாதலால், அதைச் சேமித்து வைப்பதற்கில்லை. 66 மணி நேர அரை ஆயுளுடையதும் தேய்ந்து டெக்னீஷியமாக மாறுவதுமான மாலிப்டினத்தை ஈயக் கவசத்துள் அடக்கிய ஜெனரேட்டரிலிருந்து காலைதோறும் உப்புநீர் விட்டு டெக்னீஷியத்தைப் பிரித்தெடுக்கிறோம். 'பால் கறப்பது' என்றே தொழிலில் இதற்குப் பெயர். பஸ் தாமதம் என்று நோயாளி பிந்தி வந்தாலும் தேய்வு காத்திருப்பதில்லை.

உன் தாயார் கதிருக்கு அஞ்சுவது அநியாயமன்று. ஆதியில் கவசமின்றி உழைத்து மாண்டவர்களுக்கு ஹாம்பர்க் நகரில் 1936-இல் நினைவுத் தூணே எழுப்பினார்கள். இன்று மார்பில் அணியும் டிஎல்டி பட்டை நாம் ஏற்ற கதிரைக் கணக்கிடுகிறது. ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட் என்பது நம் நாட்டு வரம்பு.

என் அபிப்பிராயம், முதலில் எக்ஸ்ரே. வேலை சிறு ஊரிலும் கிடைக்கும். தவிர, பெட்-சிடி ஸ்கேன் வந்தபின் இரு வித்தைகளும் ஒரே மேஜையில் சேர்ந்துவிட்டன.

பிற்காலத்தில் போதிக்க விரும்புகிறாயாம், நல்லது, அவசரப்படாதே. எலும்பு ஸ்கேனுக்கு ஊசி போட்டு இரண்டு மூன்று மணி காக்கவைத்து, தண்ணீர் குடிக்கச் செய்து, சிறுநீர் கழித்துவரச் சொல்ல வேண்டும் என்று புத்தகமே கூறிவிடும். ஆனால் உடையில் சிந்திய ஒரு துளி சிறுநீர் இடுப்பெலும்பின் வியாதிபோலப் படத்தில் தோன்றுவதை, அவ்வுடையை மாற்றி மீண்டும் படமெடுத்துத் தெளிந்தவரே மாணவர் மனத்தில் பதியச் சொல்லக்கூடும். நான் வகுப்பில் நல்ல படங்களைவிடக் கெட்டுப்போன படங்களையே அதிகம் காட்டுவது இதனால்தான். ஆஸ்பத்திரிப் பக்கமே போகாத ஆசிரியரின் பாடம் சில வருஷங்களில் பழசாகிவிடும்.

விண்ணப்பம் போடுமுன், அனுமதி பெற்று ஏதேனும் ஓர் எக்ஸ்ரே பிரிவில் ஒரு நாள் முழுதும் இருந்து பார்த்துவிட்டு எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் மாமா