ஈ.ஐ. சட்டத்தை அசைக்க எழுதுவது எப்படி?

கனடாவில் நோயால் வேலைக்குப் போக முடியாதவருக்கு, ஈ.ஐ. எனும் வேலைக் காப்புறுதி 1971 முதல் கொடுத்துவந்தது 15 வாரக் காசுதான். புற்றுநோய்க்கு அது எந்த மூலைக்கு? கியூபெக்கின் மரி-எலென் டுபே அந்த நோயோடு மல்லுக்கட்டியபடியே 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டினார். 2021 பட்ஜெட் சட்டம் 15ஐ 26 ஆக்கியது. 2022 டிசம்பர் 18 முதல் அது நடைமுறை.

சட்டத்திலிருந்த ஒரே ஓர் எண்ணை அவர் பிடித்துக்கொண்டார். கருத்துச் சொல்ல நினைப்பவருக்கும் முதல் வேலை அதுவே. வேலை போனவர் வழமையான கொடுப்பனவு பெற 420 முதல் 700 மணித்தியாலம் உழைத்திருக்க வேண்டும். வட்டாரத்தில் வேலையின்மை குறையக் குறைய அந்தக் கணக்கு ஏறும். கிடைப்பதோ சராசரிச் சம்பளத்தில் 55 வீதம், அதற்கும் ஓர் உச்சவரம்பு. இவற்றில் தன்னைத் தாக்கியது எது என்று தெரிந்துவிட்டால் கடிதத்தில் பாதி எழுதியாயிற்று.

மீதிப் பாதி சான்று. வேலை நின்றதும் முதலாளி தரும் ஆர்.ஓ.ஈ. பத்திரத்தில் மணித்தியாலக் கணக்கு இருக்கும். "எங்கள் நிலை மோசம்" என்று மூன்று பக்கம் புலம்புவதைவிட, "650 மணித்தியாலம் உழைத்தேன், இங்கே 700 கேட்கிறார்கள்; வேறு வட்டாரமென்றால் காசு கிடைத்திருக்கும்" என்ற இரண்டு வரி எடுபடும். சமூகக் காப்புறுதி இலக்கத்தை மட்டும் எழுதிவிடக் கூடாது.

எங்கே அனுப்புவது? 2021 ஆகஸ்டில் தொடங்கி 2022 கோடை வரை இரண்டு கட்டமாக அரசு ஈ.ஐ. பற்றிக் கருத்துக் கேட்டபோது இணையக் கணிப்பு, எழுத்து மூலக் கருத்து, வட்டமேசை மூன்றும் இருந்தன. அடுத்தது எப்போது என்று காத்திருக்கத் தேவையில்லை. பாராளுமன்ற நிதிக் குழு பட்ஜெட்டுக்கு முன்பு கருத்துக் கேட்கும். இணைய மனுவுக்கு 500 கையெழுத்து. காகித மனுவுக்கு 25 போதும், ஸ்காபரோவில் ஒரு தமிழ்க் கடை வாசலில் அரைமணி நேர வேலை. எம்.பி. சபையில் சமர்ப்பித்தால் 45 நாளுக்குள் அரசு பதில் தந்தாக வேண்டும்.

அந்தப் பதிலோடு ஓய்ந்துவிடுகிறவர்களே அதிகம். கடும் நோய்க்கு 52 வாரம் கேட்ட சி-215 தனிநபர் மசோதாவின் கதையை அவர்கள் அறிய வேண்டும். பொதுக் காசைச் செலவழிக்கும் மசோதா மூன்றாம் வாசிப்பைத் தாண்ட, முடியரசின் பரிந்துரை வேண்டும். நடைமுறையில் அது அமைச்சரவையின் சம்மதம். அது கிடைக்காமல் சி-215 நின்றுபோனது. 26 வாரமோ அரசின் சொந்த பட்ஜெட்டில் ஏறி வந்தது. ஆகவே எம்.பி.யிடம் போகிறவர் "ஆதரிப்பீர்களா?" என்று கேட்டு என்ன பயன்? எல்லா எம்.பி.யும் தலையாட்டுவார்கள். "பட்ஜெட்டுக்கு முன் நிதியமைச்சருக்கு எழுதுவீர்களா, அந்தக் கடிதத்தின் பிரதி எனக்குக் கிடைக்குமா?" என்று கேட்கலாம்.