முதல் செலவு விருந்தினர் வீட்டுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீராவி எஞ்சின் காலத்து ரயில்வே தொழிலாளர்களைப் பேட்டி கண்டு பாட்காஸ்ட் தொடங்கப் போவதாக எழுதியிருந்தாய். ஒருவர் ஜோலார்பேட்டையில், ஒருவர் பொன்மலையில், இன்னொருவர் மகன் வீட்டோடு கோவையில். ஊர் ஊராகப் போய்வரக் காசில்லை, கையில் இருக்கும் கொஞ்சப் பணத்துக்கு எந்த மைக் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். மைக் பிறகு. உன் நிகழ்ச்சியைக் கேட்பவர்கள் முக்கால்வாசி நேரம் கேட்கப்போவது அந்தப் பெரியவர்களின் குரலைத்தான். அதனால் உன் பணமும் உழைப்பும் முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் அவர்கள் வீடு.

போன் அழைப்பை அப்படியே பதிவு செய்து வெளியிடலாம் என்ற நினைப்பை விட்டுவிடு. பழைய தொலைபேசித் தடம் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தியது. பேச்சு புரிய அது போதும், குரலின் கனமும் கரகரப்பும் அதில் வராது. இன்றைய வாட்ஸ்அப், ஜூம் அழைப்புகள் அதைவிட மேல் என்றாலும், சிக்னல் தளர்ந்தால் ஒலியை இறுக்கிப் பிழிந்துவிடும். பேச்சு அல்லாத எதையும் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு துடைக்கவும் பார்க்கும். பெரியவர் எஞ்சின் நீராவி விடுவதை வாயாலேயே 'புஸ்ஸ்' என்று செய்து காட்டுவார். உனக்கு வேண்டியதே அந்த ஒலிதான், அதைத்தான் அந்த மென்பொருள் முதலில் அழிக்கும். அப்படிப் போனதை எந்த எடிட்டிங்கும் மீட்டுத் தராது.

வானொலிக்காரர்கள் இதற்கு வெகுகாலமாகவே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அழைப்பை ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்பதற்கு மட்டும் வைத்துக்கொள். அவர் குரல் அவர் வீட்டிலும், உன் குரல் உன் அறையிலும் தனித்தனியே பதிவாகட்டும். கோவையில் மகன் வீட்டில் லேப்டாப் இருந்தால் ரிவர்சைடு, ஸென்காஸ்டர் போன்ற தளங்கள் இதைத் தாமே செய்யும். குரலை அந்தக் கணினியிலேயே பதிந்து பிறகு மேலேற்றுவதால், நெட் விட்டு விட்டு வந்தாலும் பதிவு கெடாது.

ஜோலார்பேட்டை வீட்டில் லேப்டாப் இருக்காது, ஆனால் இரண்டு போன் இருக்கும். ஒரே போனில் அழைப்பும் பதிவும் சேர்ந்து நடக்காது. அழைப்பு வந்ததும் ரெக்கார்டருக்கு மைக் கிடைக்காமல் போய்விடும். எனவே பேரன் அல்லது பேத்தி ஒருவரை உனக்குத் துணை சேர்த்துக்கொள். முதல் நாளே அவரிடம் பத்து நிமிடம் பேசு. பெரியவர் அழைப்புப் போனை எப்போதும்போல வலது காதில் வைத்துப் பேசட்டும். ஸ்பீக்கரில் போடவே கூடாது, போட்டால் உன் குரலும் அவர் பதிவில் ஏறிவிடும். இரண்டாவது போனை ஏரோபிளேன் மோடில் போட்டு ரெக்கார்டரை ஓடவிட்டு, இடப்பக்கம் நான்கைந்து புத்தகங்களை அடுக்கி, மேலே மடித்த துண்டின் மீது வைக்கச் சொல். சார்ஜர் செருகும் பக்கம்தான் மைக் இருக்கிறது. அந்தப் பக்கம் அவர் வாயைப் பார்த்து ஒரு சாண் தூரத்தில், மூச்சு நேராக மோதாமல் சற்றுச் சாய்வாக இருக்கட்டும். தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் உயரும், அறையின் எதிரொலி அந்த அளவுக்குப் பின்னே போகும். காசு செலவில்லாமல் கிடைக்கும் மிகப் பெரிய முன்னேற்றம் இதுதான்.

அடுத்தது அறை. மொசைக் தரையும் வெறும் சுவரும் உள்ள கூடத்தைவிட, கட்டிலும் மெத்தையும் துணி அலமாரியும் உள்ள சின்ன அறை நல்லது. ஃபேனை நிறுத்தினால் பெரியவருக்கு வேர்க்கும். ஆகவே காலை ஏழு மணிக்கு முன்போ இரவிலோ நேரம் கேள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, ஃபேனைப் போட்டுத் தண்ணீர் குடிக்கவிடு. அவர் உடம்புக்கு முடியாமல் போகும்படி எந்தப் பதிவையும் எடுக்காதே. தொடங்கும் முன் எல்லோரும் பேசாமல் இருக்க, அரை நிமிடம் அறையின் ஒலியை மட்டும் பதிந்துகொள். வெட்டி ஒட்டிய இடங்களை மூட அது உதவும்.

முகம் பார்க்காமல் பேட்டி எடுப்பது குறை என்று நினைக்காதே. பிலடெல்பியாவின் டபிள்யூஎச்ஒய்ஒய் வானொலியில் 1975 முதல் 'ஃப்ரெஷ் ஏர்' நடத்திவரும் டெரி கிராஸ், தன் பேட்டிகளில் பெரும்பாலானவற்றை விருந்தினர் வேறோர் ஊரில் இருக்க, குரலை மட்டும் கேட்டே எடுத்தவர். ஆனால் நம் பெரியவர்களுக்கு ஒன்று வேண்டும்: கதை கேட்பவர் 'உம்' கொட்ட வேண்டும். பொன்மலைக்காரர் ஒருவரிடம் நான் பேசியபோது, பதிவு சுத்தமாக இருக்கட்டும் என்று அரை நிமிடம் வாய்மூடிக் கேட்டிருந்தேன். கரி அள்ளிப் போடும் கை எந்த வாக்கில் திரும்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தி, "லைன்ல இருக்கீங்களாம்மா?" என்றார். "இருக்கேங்கய்யா, சொல்லுங்க" என்று 'உம்' கொட்டத் தொடங்கிய பிறகுதான் பேச்சு மறுபடி சூடுபிடித்தது. இரு குரலும் தனித்தனி ட்ராக்கில் இருப்பதால் உன் 'உம்'களைப் பிறகு அழித்துக்கொள்ளலாம். தயங்காமல் கொட்டு.

பேட்டி முடிந்ததும் அழைப்பைத் துண்டிக்காதே. ரெக்கார்டரை நிறுத்திச் சேமித்து, கடைசிப் பகுதியைப் போட்டுக் கேட்டுப் பார்க்கும்படி பேரனிடம் சொல். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பட்டும், ஒலி மாறாமல் வரும். 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் மோனோ வேவ் ஃபைல் என்றால் மணிக்கு ஏறத்தாழ 350 எம்.பி. ஆகும். போனில் அந்த அளவு இடம் இருக்கிறதா என்று முன்பே பார்க்கச் சொல்.

இரண்டு ட்ராக்கையும் இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டியில் அடுக்கு. உன் பக்கம் அழைப்பையும் தனியே பதிந்து வைத்திருந்தால், அதில் இருவர் குரலும் இருக்கும். அதை வழிகாட்டியாக வைத்து மற்ற இரண்டையும் பொருத்து. இரு கருவிகளின் கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓடாது. ஒரு மணி நேரப் பேச்சில் நொடியில் பத்தில் ஒரு பங்கோ இரு பங்கோ விலகலாம். பேச்சில்லாத இடமாகப் பார்த்து வெட்டி நகர்த்தினால் சரியாகிவிடும்.

இனி உன் பணம். முதலில், ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும் வயர் காலர் மைக் ஒன்று வாங்கி, விருந்தினர் வீட்டுக்குக் கூரியரில் அனுப்பு. அவர் முடித்ததும் அது அடுத்தவர் வீட்டுக்குப் போகட்டும். போனில் அதைச் செருக இடமிருக்கிறதா, கன்வெர்ட்டர் வேண்டுமா என்று முன்பே கேட்டுக்கொள். அடுத்து உனக்கு வயருள்ள ஹெட்போன் வாங்கு. புளூடூத்தில் மைக்கும் சேர்ந்து இயங்கினால் ஒலித்தரம் சட்டென்று இறங்கும். மீதிப் பணத்தில்தான் உன் மைக். தெருச் சத்தத்தையும் சேர்த்து அள்ளும் கண்டென்சர் வேண்டாம். சாம்சன் க்யூ2யூ போல யூஎஸ்பியில் செருகும் டைனமிக் மைக்கை வாங்கி, வாயருகே வைத்துப் பேசு.

அவர்கள் சம்மதத்தைப் பதிவின் தொடக்கத்திலேயே அவர்கள் வாயால் சொல்லச் செய். வெட்டாத முழு ஃபைலை இரண்டு இடங்களில் வைத்துக்கொண்டு, ஒரு பிரதியை அந்த வீட்டுக்குக் கொடு. நீ வெளியிடுவது நாற்பது நிமிடமாக இருக்கலாம், ஆனால் அந்தக் குடும்பத்துக்கு அவர் பேசிய ஒவ்வொரு நிமிடமும் வேண்டும். மூவரில் வயதில் மூத்தவர் யாரோ அவரிடம் முதலில் பேசு, இந்த வாரமே. மைக் வரும்வரை காத்திருக்காதே.

அன்புடன்,
அக்கா