ஐந்து ரூபாய் டோக்கன்

 

இன்றைய சிந்தனை: செல்போனும் நம் பிள்ளைகளும்.

திருச்செந்தூர் கோயில் தொடர்பான வழக்கில்தான், 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தமிழகக் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்க உத்தரவிட்டது. பழனியில் 2023 அக்டோபர் 1 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. போனுக்கு 5 ரூபாய் கட்டி ஒப்படைத்துவிட்டுத்தான் மலையேற வேண்டும்.

சில மாதங்களுக்கு முன் வள்ளூரிலிருந்து பிளஸ் டூ படிக்கும் மகனோடு பழனிக்குப் போனேன். போனைக் கொடுக்கச் சொன்னதும் அவன் முகம் வாடிவிட்டது. "ஒரு போட்டோகூட இல்லன்னா, வந்ததுக்கு என்னப்பா அடையாளம்?" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. "ஸ்டேட்டஸ் போடவா சாமி கும்பிட வந்தே?" என்று கடிந்துகொண்டேன்.

அவன் அமைதியாகச் சொன்னான்: "நீங்க மட்டும் என்னப்பா? காலைல எழுந்ததும் முருகர் படத்தை எல்லா குரூப்புக்கும் அனுப்புறீங்க. விளக்கு ஏத்துறது அம்மாதான். ஷிஃப்ட் முடிஞ்சு வந்தாலும் கையில போன்தான். நான் பேச வந்தா 'ம்'னு மட்டும் சொல்றீங்க."

என்னால் பதில் பேச முடியவில்லை. சுவாமிமலையில் தகப்பனே கைகட்டி, வாய்பொத்திப் பிள்ளையிடம் உபதேசம் கேட்டார். அந்தக் கதையை எத்தனை முறை ஃபார்வர்டு செய்திருப்பேன்! அன்றுதான் எனக்குப் புரிந்தது.

சன்னிதியில் இருவருமே வெறுங்கையோடு நின்றோம். கோவணாண்டியாக எல்லாம் துறந்து நிற்கும் அப்பனைக் கண்ணாரப் பார்த்தோம். படியிறங்கும்போது அவனே பேச ஆரம்பித்தான். டியூஷனுக்குக் கொடுத்த 3,000 ரூபாயை ஆன்லைன் விளையாட்டில் விட்டதைச் சொல்லி அழுதான். "எப்பவோ சொல்லணும்னு வந்தேன்ப்பா. நீங்க நிமிர்ந்தே பாக்கல." பணம் போனது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, அந்த வார்த்தைதான் வலித்தது.

பிள்ளைகள் நாம் சொல்வதைக் கேட்டு வளர்வதில்லை, நாம் செய்வதைப் பார்த்து வளர்கிறார்கள். போனைக் கொடுத்ததும் நாம்தான். அதைக் கீழே வைக்கக் கற்றுத்தர வேண்டியதும் நாம்தான்.

இப்போது எங்கள் வீட்டில் மாலை விளக்கேற்றும்போது எல்லோருடைய போனும் ஒரு தாம்பாளத்துக்குப் போய்விடும். முதல் போன் என்னுடையது. ஒரு மணி நேரம் பேச்சுதான், சிரிப்புதான். சில நாள் சண்டையும் உண்டு!

இதைப் பத்து பேருக்கு அனுப்புங்கள் என்று சொல்ல மாட்டேன். படித்து முடித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரச் சொல்லுங்கள். முருகன் அங்கேயே வந்து நிற்பான்.

ஓம் சரவணபவ 🙏