புக்கிட் பிந்தாங்: போகுமுன் சில குறிப்புகள்

கோலாலம்பூரின் புக்கிட் பிந்தாங் பொழுது சாய்ந்த பிறகுதான் களைகட்டும். காரில் போனால் பாதி மாலை சிக்னலிலேயே கழிந்துவிடும். மோனோரயில், 2017இல் இங்கே வந்த எம்.ஆர்.டி. இரண்டுக்கும் இதே பெயரில் நிலையம் உண்டு. டச் என் கோ அட்டையில் முன்கூட்டியே பணம் போட்டு வைத்தால் டிக்கெட்டுக்கு நிற்க வேண்டாம்.

மழை இங்கே சொல்லிக்கொண்டு வராது. இரட்டைக் கோபுரப் பக்கமிருந்து வருபவர்கள், கன்வென்ஷன் சென்டரிலிருந்து பெவிலியன் மால் வரை நீளும் ஏ.சி. மேம்பாலப் பாதையில் நனையாமல் நடந்தே வந்துவிடலாம்.

உஷாராக இருக்க வேண்டிய இடம் ஜாலான் ஆலோர் சாப்பாட்டுத் தெரு. மீன், நண்டு, இறாலுக்கு எடைக் கணக்கு. மெனுவில் இருப்பது 100 கிராம் விலையாக இருக்கலாம். மீனைத் தராசில் வைத்து, மொத்தம் எத்தனை ரிங்கிட் என்று கேட்டுக்கொண்ட பிறகே அடுப்பில் ஏற்றச் சொல்ல வேண்டும். டுரியானும் அப்படித்தான்: கடைக்காரர் கத்தியால் பிளந்துவிட்டால் பிறகு பேரம் ஏது? வாங்கியதை அங்கேயே சாப்பிட்டுவிடுவது உத்தமம். அந்த வாசனையோடு பல ஓட்டல்களில் உள்ளே விடமாட்டார்கள்.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சீனக் கடைகளில் ‘வெறும் காய்கறி’ என்று வரும் தட்டிலும் சிப்பி சாஸ் கலந்திருக்கலாம். ஆர்டர் கொடுக்கும்போதே அதையும் கேட்டுவிட வேண்டும்.