நாளொழுக்கமே நல்வாழ்வின் அடித்தளம்

(சிராவக நெறிப் பாடம்)



ஒருவரின் வாழ்வு ஒரே நாளில் குலைந்துவிடுவதில்லை. வாழ்க்கைத் துணையை இழந்தோர், நெடுநாள் நோயினின்று எழுந்தோர், வணிகத்தில் பொருள் இழந்தோர், பணி ஓய்வு பெற்று வீட்டில் அமர்ந்தோர் ஆகியோரைக் கண்டால் இவ்வுண்மை விளங்கும். முதலில் விடியலில் எழும் வழக்கம் தளர்கிறது. அடுத்து அடுப்பு மூட்டும் ஆர்வம் குறைகிறது. 'ஒருவருக்காகவா சமைப்பது?' என்னும் எண்ணம் வந்தவுடன் கடையுணவு வீட்டினுள் நுழைகிறது. பின்னர் நடை நின்றுபோகிறது. இறுதியில் பஞ்ச நமஸ்காரம் சொல்லும் நேரமும் மறந்துபோகிறது. துன்பம் வந்தது ஒரு நாளில்தான். ஆனால் அது அழித்தவை நாள்தோறும் நாம் செய்துவந்த சிறு செயல்கள். ஆதலின் மீண்டும் எழ விரும்புவோர் தொடங்க வேண்டிய இடமும் அச்சிறு செயல்களே என்பது இப்பாடத்தின் கருத்து.

சென்னைக்கும் கும்பகோணத்திற்கும் இடைப்பட்ட பெருஞ்சாலையில் உள்ள நம் சேத்தியாத்தோப்பு போன்ற ஊர்களில் வாழ்வோர்க்கு இப்பாடம் மிகவும் தேவைப்படுகிறது. பிறந்த ஊரில் ஜினாலயமும் சுற்றமும் நம்மை நெறியில் நிறுத்தின. பொழுது சாயுமுன் தெருவே உண்டு முடித்தது, நாமும் உண்டோம். தொழிலின் பொருட்டுப் பெயர்ந்து வந்த ஊரில் அக்காவல் இல்லை. பேருந்து நிற்கும் இடமெல்லாம் இரவு வெகுநேரம் வரை உணவுக் கடைகள் திறந்திருக்கின்றன. இங்கே ஒழுக்கத்தை ஊர் தாங்காது. வீடுதான் தாங்க வேண்டும்.

சமந்தபத்திரர் காட்டிய வழி

காஞ்சி மாநகரோடு தொடர்புடையவராக நம் மரபு போற்றும் ஆச்சாரியர் சமந்தபத்திரர், துறவு நெறியில் நின்ற காலத்தில் பஸ்மகம் என்னும் நோய்க்கு ஆளானார். எவ்வளவு உண்டாலும் உடனே எரிந்து, பசி அடங்காத கொடிய நோய் அது. துறவியர்க்குரிய அளவான உணவைக் கொண்டு அதனைத் தாங்க இயலாது. எனவே சல்லேகனை மேற்கொள்ள இசைவு வேண்டித் தம் குருவை வணங்கினார். குரு இசையவில்லை. அறத்திற்கு இவரால் ஆக வேண்டிய பணி இன்னும் உண்டு என்று உணர்ந்த அவர், தவவேடத்தை விடுத்து, தக்க உணவால் நோயைத் தீர்த்துக்கொண்டு, பின்னர் மீண்டும் தீக்கை பெறுமாறு பணித்தார். சமந்தபத்திரரும் அவ்வாறே செய்தார். நாளடைவில் நோய் தணிந்தது. உணவின் அளவு குறைந்து இயல்பு நிலை திரும்பியது. அவர் மீண்டும் துறவு பூண்டார் என்பது நம் மரபு கூறும் வரலாறு. சிரவணபெளகொளத்தில் உள்ள 12-ஆம் நூற்றாண்டு மல்லிசேணப் பிரசஸ்திக் கல்வெட்டும் அவர் பஸ்மக நோயை வென்றதைக் குறிப்பிடுகிறது.

இவ்வரலாற்றில் நாம் கருத வேண்டியவை இரண்டு. உடலைப் பேணுதல் அறத்திற்கு மாறானதன்று. அறம் செய்வதற்குரிய கருவியைச் செப்பம் செய்வதே ஆகும். மேலும், நெறியினின்று ஒருகால் இறங்க நேர்ந்தவர்க்கும் திரும்பி வரும் வழி அடைபடுவதில்லை. அடங்காப் பசியை அறிந்து மீண்ட இவரே, இல்லறத்தாருக்கென 'இரத்தினகரண்ட சிராவகாசாரம்' என்னும் நூலை 150 சுலோகங்களில் அருளினார். அதனைத் தழுவித் தமிழில் எழுந்ததே நம் இல்லங்களில் பயிலப்படும் 'அருங்கலச்செப்பு'. இரண்டு பெயர்களுக்கும் மணிகள் வைக்கும் பேழை என்பதே பொருள்.

நியமமும் யமமும்

சிராவகர் தாம் நுகரும் பொருள்களுக்கு எல்லை வகுத்துக்கொள்வது போகோபபோக பரிமாண விரதம் ஆகும். உணவைப் போல ஒருமுறை நுகர்ந்தபின் தீர்ந்துபோவது போகம். ஆடையைப் போலப் பலமுறை பயன்படுவது உபபோகம். இவற்றை விடுத்தலைச் சமந்தபத்திரர் இரு வகையாகப் பிரிக்கிறார். வாழ்நாள் முழுவதும் விடுப்பது யமம். கால எல்லை குறித்து விடுப்பது நியமம். அக்கால எல்லையையும் அவரே எண்ணிக் காட்டுகிறார்: ஒரு பகல், ஓர் இரவு, ஒரு பட்சம், ஒரு மாதம், இரண்டு மாதங்கள் கொண்ட ஒரு ருது, ஆறு மாதங்கள் கொண்ட ஓர் அயனம்.

மனித மனத்தை நன்கு அறிந்தவர் வகுத்த முறை இது. துயரிலோ நோயிலோ தளர்ந்திருப்பவரிடம் 'வாழ்நாள் முழுவதும் இனி இப்படி இரு' என்றால் அவர் அஞ்சுவார். அன்றி, ஆர்வத்தில் ஏற்றுப் பத்து நாளில் கைவிடுவார். 'இன்று ஒரு நாள்' என்றால் எவராலும் இயலும். ஒரு நாள் ஒரு பட்சமாகும்; பட்சம் மாதமாகும். வெள்ளாற்றின் குறுக்கே சேத்தியாத்தோப்பில் உள்ள அணைக்கட்டு ஆற்றை அழிப்பதில்லை. நீரைத் தேக்கி, வயலுக்குச் செல்லும் கால்வாயில் திருப்புகிறது. நியமமும் அத்தகையதே. அது ஆசையை ஒரே அடியில் வீழ்த்த முயல்வதில்லை. எல்லை கட்டி, பயன்படும் வழியில் திருப்புகிறது.

இக்கால ஆய்வும் இதற்கு அரண் செய்கிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியினர் 96 பேரைக் கொண்டு நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய செயல் தானே நிகழும் பழக்கமாக நிலைபெறுவதற்குச் சராசரியாக 66 நாள்கள் ஆயின எனக் கணக்கிட்டனர். சிலர்க்கு 18 நாள்களே போதுமாயிருந்தன. சிலர்க்கு 254 நாள்கள் வரை தேவைப்பட்டன. சராசரி அளவு நம் ஆச்சாரியர் கூறிய ஒரு ருதுவிற்கு மிக அருகில் வருதல் காண்க. எனவே, புதிதாகத் தொடங்குவோர் ஒரு ருதுவிற்கு நியமம் கொள்வது தக்கது.

அடுக்களை ஒழுக்கம்

நம் மரபில் அடுக்களை, அகிம்சை நாள்தோறும் பயிலப்படும் பள்ளியாகும். நீரை இரட்டைத் துணியில் வடிகட்டுதல், தானியத்தை ஆய்ந்து எடுத்தல், பகலொளியில் சமைத்துப் பகலொளியில் உண்ணல் ஆகியவை உயிர்களைக் காக்கும் பொருட்டு விதிக்கப்பட்டவை. அரைத்த மாவை மழைக்காலத்தில் மூன்று நாள், கோடையில் ஐந்து நாள், குளிர்காலத்தில் ஏழு நாள் என்னும் எல்லைக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதும் நம் முன்னோர் வழக்கம். இவ்விதிகளை ஒருங்கே கைக்கொள்பவர், தம்மை அறியாமலே புத்துணவையும் வீட்டு உணவையும் உண்பவராகிவிடுகிறார். கடையில் வாங்கிய பொட்டலத்தில் இக்கணக்கு எதுவும் நம் கையில் இல்லை.

இரத்தினகரண்டத்தில் மற்றொரு நுட்பம் உண்டு. தேன், ஊன், கள் ஆகியவற்றை விலக்குமாறும், பயன் சிறிதாய் உயிர்க்கொலை பெரிதாய் உள்ள முள்ளங்கி, பச்சை இஞ்சி, வெண்ணெய், வேப்பம்பூ, தாழம்பூ போன்றவற்றை விலக்குமாறும் கூறிய ஆச்சாரியர், தம் உடலுக்கு ஒவ்வாததையும் விரதமாகவே விடுக்க வேண்டும் என்கிறார். நீரிழிவு உள்ளவர் இனிப்பை விடுவதும், இரத்த அழுத்தம் உள்ளவர் ஊறுகாயையும் அப்பளத்தையும் விடுவதும் மருத்துவர்க்கு அஞ்சிச் செய்யும் செயலாக இருக்க வேண்டியதில்லை. அவற்றை நியமமாக ஏற்றுக்கொண்டால் அது நல்லொழுக்கமாகிறது. அஞ்சி விட்டவர் ஒளித்து உண்பார். விரதமாக விட்டவர் தமக்குத் தாமே சான்றாவார்.

வெங்காயமும் பூண்டும் கிழங்கும் இன்றிச் சமையல் சுவைக்காது என்று இளையோர் சிலர் கூறுகின்றனர். மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், கறிவேப்பிலை ஆகியவை போதாவோ? பச்சைப்பயறு, துவரை, அவரை, புடலை, பீர்க்கு, பூசணி, வெண்டை, கேழ்வரகு, கம்பு என நம் மண்ணில் விளைவன பல. நம் சமயப் புலவர் கணிமேதாவியார் தம் அறநூலுக்கு 'ஏலாதி' என்று மருந்தின் பெயரைச் சூட்டினார். ஏலம், மிளகு, திப்பிலி, சுக்கு முதலிய ஆறு பொருள்கள் சேர்ந்த மருந்து அது. உடலுக்கு மருந்தும் உயிர்க்கு அறமும் ஒரே இடத்தில் வைத்து எண்ணப்பட்டதற்கு அது சான்று.

தனித்து வாழ்பவர்க்கு ஒரு சொல். தமக்கென்று சமைக்க மனம் எழாதவர் பிறர்க்கென்று சமைக்கலாம். வையாவிருத்தியம் என்னும் தொண்டு, உணவு தருதலையும் உள்ளடக்கியது. வாரத்தில் இரு நாளேனும் அண்டையில் உள்ள முதியவர்க்கோ, படிக்கும் பிள்ளைக்கோ ஒரு பங்கு சேர்த்துச் சமையுங்கள். அடுப்பு எரிவதற்கு ஒரு காரணம் கிடைக்கும். வீட்டில் ஒரு குரலும் கேட்கும்.

உடலுழைப்பும் நடையும்

நம் துறவியர் ஊர்தி ஏறாமல் நடந்தே விகாரம் செய்கின்றனர். நான்கு முழத் தொலைவு முன்னே நோக்கி, சிற்றுயிர் மிதிபடாமல் பகலில் நடப்பது ஈரியா சமிதி. இல்லறத்தாரும் தம் காலை நடையை அவ்வாறே அமைத்துக்கொள்ளலாம். கதிரவன் எழுந்தபின், கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு, பாதையை நோக்கி நடந்தால் உடற்பயிற்சியும் மன ஒருமையும் ஒரே வேளையில் கைகூடும். வணங்குதல், வலம்வருதல், அசையாது நின்று காயோத்சர்க்கம் செய்தல் ஆகியவையும் உடலைப் பழக்குவனவே.

நடையின் பயனைத் தமிழ்நாட்டு ஆய்வொன்றே உறுதி செய்துள்ளது. சென்னை மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2006-இல் வெளிவந்தன. நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை ஏறத்தாழ மூன்றாண்டுகள் கவனித்தனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களுள் 55 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு வந்தது. நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடந்து, சர்க்கரை, தீட்டிய அரிசி, எண்ணெய் ஆகியவற்றைக் குறைத்து, நார்ச்சத்து மிக்க உணவை உண்டவர்களுள் 39.3 விழுக்காட்டினர்க்கே வந்தது. மாத்திரை மட்டும் உண்டவர்களின் அளவு 40.5 விழுக்காடு. அஃதாவது, எளிய நாளொழுக்கம் மருந்துக்கு நிகராக நின்றது.

ஆயினும் முதல் நாளே ஐந்து கல் தொலைவு நடக்க முயல வேண்டா. விருத்தாசலத்துச் செராமிக் சூளைகளில் வெப்பத்தைப் படிப்படியாகவே ஏற்றுவர். ஈரம் உலராத மண்கலத்தை விரைந்து சுட்டால் வெடித்துவிடும். முதல் வாரம் பத்து நிமிடம், அடுத்த வாரம் பதினைந்து என்று வளர்ப்பதே நன்று.

தவறிய நாளில் செய்ய வேண்டியது

நியமம் என்றாவது ஒரு நாள் தவறும். உறவினர் வீட்டுத் திருமணம், நெடும்பயணம், காய்ச்சல் எனக் காரணம் ஏதேனும் வரும். 'போயிற்று, இனி என்ன?' என்று முழுவதையும் விடுவதே பெருங்கேடு. இதற்கு நம் சமயம் தந்துள்ள மருந்து பிரதிக்கிரமணம். தவறியதை மறைக்காமல் எண்ணி, வருந்தி, மீண்டும் நெறிக்குத் திரும்புதல் அதன் பொருள். மேற்சொன்ன லண்டன் ஆய்விலும், ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாதல் பெரிதும் தடைப்படவில்லை என்றே கண்டனர். தவறிய ஒரு நாள் கேடன்று. திரும்பாத மறுநாளே கேடு.

ஒரு ருதுவிற்கான நாளொழுக்கம்

1. விடியலில் குறித்த ஒரே நேரத்தில் எழுந்து பஞ்ச நமஸ்காரம் கூறல்.
2. கதிரவன் எழுந்தபின் நடை. பத்து நிமிடத்தில் தொடங்கி அரைமணிக்கு உயர்த்தல்.
3. நீராடி ஜின வழிபாடு. ஜினாலயம் தொலைவாயின் இல்லத்தில் வணக்கம்.
4. நாளில் ஒரு வேளையேனும் தம் கையால் சமைத்தல்.
5. பொழுது சாயுமுன் உணவை முடித்தல். கார்த்திகை, மார்கழியில் ஆறு மணிக்கு முன்னரே பொழுது சாய்வதால் அடுப்பை முன்னதாகவே மூட்டல்.
6. ஒவ்வாத ஒரு பொருளை இந்த ருது முழுவதும் விடுத்தல். ஒன்று போதும்.
7. இரவில் அருங்கலச்செப்பு அல்லது நாலடியாரில் ஒரு செய்யுள் படித்தல், அன்றைய நாளைப் பற்றிப் பிரதிக்கிரமணம், பின்னர் உறக்கம்.

நீரிழிவுக்கு ஊசியோ மாத்திரையோ கொள்பவர்கள், உணவு நேரத்தை மாற்றுமுன்னும், அட்டமி சதுர்த்தசி நாள்களில் உண்ணா நோன்பு ஏற்குமுன்னும் தம் மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். இதய நோய் உள்ளவர் நடையின் அளவையும் கேட்டறிய வேண்டும். தம் உயிரைக் காத்தலும் அகிம்சையே.

ருது நிறைவுற்ற பின், இயன்றோர் குடும்பத்துடன் குந்தகுந்தர் திருவடி விளங்கும் பொன்னூர் மலைக்கோ, நேமிநாதர் ஓங்கி நிற்கும் திருமலைக்கோ சென்று படியேறி வணங்குங்கள். இரண்டு மாதத்திற்கு முன் ஏற இயலாதிருந்த கால்கள் ஏறுவதைக் காண்பீர்கள். அங்கேயே அடுத்த நியமத்தையும் ஏற்றுக்கொள்ளலாம்.

இல்லத்தில் கூடிச் சிந்திக்க

1. நியமத்திற்கும் யமத்திற்கும் உள்ள வேறுபாடு யாது? நம் வீட்டில் இப்பொழுது உள்ள நியமங்கள் எவை?
2. சமந்தபத்திரர்க்குக் குரு சல்லேகனையை ஏன் மறுத்தார்?
3. நம் உறவில் தனித்து உண்பவர் யார்? இந்த வாரம் அவரோடு அமர்ந்து உண்ணப் போகிறவர் யார்?

மூன்றாம் வினாவிற்கு விடையை எழுதிவைக்க வேண்டா, செய்து காட்டுங்கள்.

அறம் வளர்க!