இளநீருக்கு அடங்காத கடுப்பு

சிறுநீர் போகும்போது எரிகிறது என்றால் நம் வீடுகளில் முதலில் வருவது இளநீர், அடுத்தது வெந்தயம் போட்ட மோர். ‘உடம்புச் சூடு’ என்று பெயர் வைத்துவிட்டால் மேற்கொண்டு யாரும் எதையும் கேட்பதில்லை. வெயில்கால நீர்க்கடுப்பு பலருக்கு இதிலேயே தணியும். கிளமிடியாவால் வரும் எரிச்சல் அப்படி அடங்காது. அது உடலுறவு வழியே தொற்றும் ஒரு பாக்டீரியா. 2020-இல் மட்டும் 15 முதல் 49 வயதுக்காரர்களிடம் ஏறக்குறைய 12.9 கோடி புதிய தொற்றுகள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

எரிச்சல் வந்தவரையாவது கொடுத்துவைத்தவர் என்பேன். ‘எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை, அப்புறம் என்ன நோய்?’ என்ற நம்பிக்கைதான் ஆபத்து. பெரும்பாலான பெண்களுக்கும், ஆண்களில் சுமார் பாதிப் பேருக்கும் இது அறிகுறியே காட்டாது. காட்டாமலே கர்ப்பப்பை வாயிலிருந்து மேலேறி, கருக்குழாயைப் புண்ணாக்கித் தழும்பேற்றி அடைத்துவிடக்கூடும். அதனால் குழந்தை தங்காமல் போகலாம். கருக்குழாயிலேயே கரு வளர்ந்து உயிருக்கு ஆபத்தாகவும் முடியலாம். கோயில் கோயிலாக ஏறி இறங்கும்போதும் குறை மனைவி மேல்தான். கிருமி எந்த வழியாக வந்தது என்று கணவரிடம் கேட்க அந்த வீட்டில் ஆள் இருக்காது.

‘கண்ட இடத்துக்குப் போகிறவர்களுக்குத்தான் வரும்’ என்பதும் இதனால்தான் நிற்காது. கணவரைத் தவிர வேறு யாரையும் அறியாத பெண்ணுக்கும் வரும். அதே சமயம், இன்று தொற்று தெரிந்தது என்பதற்காக நேற்று துரோகம் நடந்தது என்று பஞ்சாயத்து கூட்டவும் வேண்டாம். மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில்கூட, சத்தமில்லாமல் இருக்கக்கூடிய கிருமி இது.

பொதுக் கழிப்பறை, நீச்சல்குளம் வழியாகவெல்லாம் வராது.

படித்தவர்களிடமும் ஒரு நம்பிக்கை உண்டு: ‘ரத்தம் பார்த்தாச்சு, எல்லாம் நார்மல்.’ அவர்கள் பார்த்தது பெரும்பாலும் எச்.ஐ.வி.யும் சிஃபிலிஸும்தான். கிளமிடியா அந்த ரத்தப் பரிசோதனைகளில் தெரியாது. வழக்கமான சிறுநீர் கல்ச்சரிலும் வளராது, ஏனென்றால் அது உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகும். கோவிட் காலத்தில் நமக்குப் பழகிப்போன பி.சி.ஆர். வகைச் சோதனை வேண்டும். அதற்கும் நடுவில் பிடிக்கும் சிறுநீர் உதவாது, முதலில் வருவதைப் பிடிக்க வேண்டும். பெண்களுக்குப் பிறப்புறுப்பில் பஞ்சுக்குச்சியால் எடுக்கும் மாதிரி இன்னும் நல்லது.

கண்டுபிடித்துவிட்டால் முழுதாகக் குணப்படுத்தலாம். டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், தினம் 2 வேளை, 7 நாள், கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். மெடிக்கலில் நீங்களே கேட்டு வாங்குவதற்காக இதைச் சொல்லவில்லை. துணைக்கும் சேர்த்து மருத்துவர் எழுத வேண்டும். ஒருவர் மட்டும் சாப்பிட்டால் மற்றவரிடமிருந்து திரும்ப ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை வந்தால் எதிர்ப்புச் சக்தி வந்துவிடும் என்பது இதற்குப் பொருந்தாது. இருவரும் மருந்தை முடிக்கும் வரை உடலுறவு கூடாது, 3 மாதம் கழித்து மறுபடி சோதித்துக்கொள்ள வேண்டும்.

அரசு மருத்துவமனையில் ‘சுகவாழ்வு மையம்’ என்ற பலகையைப் பார்த்து ஏதோ யோகா வகுப்பு என்று கடந்திருப்பீர்கள். பால்வினைத் தொற்றுகளுக்கு இலவசமாக மருந்து தரும் இடம் அது. அங்கே பொதுவாக அறிகுறியை வைத்தே மருந்து தருவதால், உங்களுக்கு அறிகுறி ஒன்றும் இல்லாமல் துணைக்குத் தொற்று இருந்தால் அதை நீங்கள்தான் வாய்திறந்து சொல்ல வேண்டும். நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் 1097-க்கு அழைக்கலாம், கட்டணமில்லை.