சிறுவர்க்கு எண்ணறிவு: விளையாட்டு வழியே ஒரு பாடம்



நம் வீட்டுக் கடைக்குட்டிக்கு வயது நாலரை. ஒன்று முதல் இருபது வரை மூச்சு விடாமல் ஒப்பிப்பான். ஒரு நாள் கடையில், "ஐந்து எலுமிச்சம்பழம் எடுத்து வா" என்றோம். இரு கைகளிலும் அள்ளி வந்தான். எண்ணச் சொன்னோம். வாய் முன்னே ஓடிற்று, விரல் பின்தங்கிற்று. ஏழு பழத்தைப் பத்து என்றான். வாடிக்கைக்காரர் முன்னிலையில் அவனைக் கடிந்து கொண்டோம். அன்று முதல் எண் என்றாலே உம்மாவின் பின்னால் ஒளியலானான். பிழை பிள்ளையினுடையதன்று, நம்முடையதே என்று உணரச் சில நாள் சென்றது. அதன்பின் கற்றதையே இங்கு எழுதுகிறோம்.

ஒப்பித்தல் வேறு, எண்ணுதல் வேறு. எண்ணுவதற்கு மூன்று வேண்டும். எண்களின் வரிசை மாறக்கூடாது. ஒரு பொருளுக்கு ஒரே சொல். கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தம். முதலாவது வாயால் வரும். மற்ற இரண்டும் கையால்தான் வரும். ஆகவே விளையாட்டு வேண்டியதாகிறது.

முதல் விளையாட்டு: குழி நிரப்புதல்

நம் பெண்கள் பல்லாங்குழி ஆடுவர். மலாய்க்காரர் சொங்காக் ஆடுவர். சொங்காக்கில் பதினான்கு குழிக்கு ஏழேழாக 98 கொட்டைகள் வைப்பது வழக்கம். சிறுவனுக்கு அத்தனை வேண்டாம். முட்டை அட்டையில் பத்துக் குழிகளை வெட்டி எடுங்கள். புளியங்கொட்டையைக் குழிக்கு ஒன்றாய்ப் போட்டு, போடும்போதே எண்ணச் சொல்லுங்கள். முடிந்ததும் "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். மறுபடி முதலிலிருந்து எண்ணினால் கோபிக்க வேண்டாம். "ஏழு, ஏழு கொட்டை" என்று முழுவதையும் காட்டுங்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளும், அருகில் விடாதீர்கள்.

இரண்டாவது: பத்துக் கட்டம்

அட்டையில் ஒரே நேர்கோட்டில் பத்துக் கட்டம் வரைந்து 1 முதல் 10 வரை எழுதுங்கள். ஒரு டின்னில் 1, 2 என்று எழுதிய இரு சீட்டுகளை இடுங்கள். பகடையை விலக்கும் வீட்டாருக்கும் இதில் தடையில்லை. எடுத்த சீட்டின்படி காயை நகர்த்த வேண்டும். நான்கில் நிற்பவன் 2 எடுத்தால் "ஒன்று, இரண்டு" என்னாமல் "ஐந்து, ஆறு" என்று சொல்லி நகர்த்த வேண்டும். இதுவே உயிர்நாடி. எண் கூடக்கூடத் தூரமும் கூடுவதைக் கண்ணும் கையும் அப்போதுதான் அறியும்.

அமெரிக்காவில் கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் என்னும் இருவர், ஏழைக் குடும்பத்துச் சிறு பிள்ளைகளிடம் இத்தகைய விளையாட்டைச் சோதித்து 2008-ல் வெளியிட்டனர். இரண்டு வாரத்தில் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் பதினைந்து இருபது நிமிடம், அவ்வளவே. எண்ணறிவு நன்கு வளர்ந்தது; ஒன்பது வாரம் கழித்தும் நிலைத்தது. எண்ணில்லாமல் வண்ணக் கட்டத்தில் ஆடிய பிள்ளைகளுக்கு அப்பயன் கிட்டவில்லை.

மூன்றாவது: கடை வைத்தல்

காலி டப்பாக்களில் 10 காசு, 20 காசு, 50 காசு என்று விலை ஒட்டி, பிள்ளையை முதலாளியாக்கி நாம் வாடிக்கைக்காரராகலாம். ஆனால் ஒரே ஒரு நாணயத்தைப் பத்து என்று மதிப்பது சின்னவனுக்கு விளங்காது. ஆறு வயதுக்கு மேல் தொடங்குவதே நலம்.

எவ்விளையாட்டாயினும் பந்தயம் வேண்டாம். சலிப்பு வருமுன் நிறுத்துங்கள். பிறர் முன் பரிகசிக்காதீர்கள்.

சென்ற வாரம் நம் பிள்ளை தானாகவே கடைக்கு வந்து, எலுமிச்சம்பழத்தை ஒவ்வொன்றாய் மேசையில் வைத்து "ஐந்து" என்றான். சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்த்தான். அந்த அச்சம் முற்றும் நீங்க இன்னும் சில நாள் ஆகும். உங்கள் பிள்ளைக்கு அவ்வச்சம் வராதிருக்க, இன்றிரவே கடையை அடைத்ததும் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். செலவு ஒரு முட்டை அட்டையும் ஒரு பிடி புளியங்கொட்டையும்தான்.